நகரசபைக் கதைகள் – 17: வண்டியை மறித்த பெண்கள்

சென்னை மாநகராட்சி 2000-ஆம் ஆண்டில் சில மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அங்கே தொடங்கி 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் துப்புரவுத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டம் வரை சென்ற இரண்டு இதழ்களில் பார்த்தோம். படித்தவர்கள் மனதில் ஒரு கேள்வி எழாமல் இருக்காது. குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுப்பதா வேண்டாமா என்று ஊர் மக்களிடம் யாராவது எப்போதாவது கேட்டார்களா? சென்னையில் கேட்டதாகத் தெரியவில்லை. புனேயிலும் முறைப்படி கேட்கவில்லை. ஆனால் அங்கே மக்கள் கருத்து என்ற ஒன்று இந்த விஷயத்தில் உருவாகி, மாநகராட்சியால் தள்ளிவிட முடியாத அளவுக்கு வளர்ந்தது. அது எப்படி என்பதுதான் இந்த வாரக் கதை.

கதைக்குப் பின்னணி 1972 பஞ்சம். மராத்வாடாவிலிருந்தும் சோலாப்பூர் பக்கத்திலிருந்தும் நிலமில்லாத குடும்பங்கள் கூட்டம் கூட்டமாகப் புனேக்கு வந்தன. வந்தவர்களில் மாங், மகார் சாதிப் பெண்களுக்கு நகரத்தில் கிடைத்த வேலைகள் சொற்பம். வீட்டு வேலைக்குப் போனால் சாதி கேட்பார்கள். கட்டட வேலையில் மேஸ்திரியின் தொல்லை. தெருமுனைக் குப்பைத் தொட்டி மட்டும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. விடிவதற்கு முன் சாக்கோடு கிளம்பி, தொட்டியைக் கிளறி, காகிதம், கண்ணாடி, தகரம் என்று பொறுக்கிச் சேர்த்துப் பங்கார் கடையில் போடுவார்கள். நம் ஊர் காயலான் கடைதான் அங்கே பங்கார் கடை. எடையும் விலையும் கடைக்காரர் வைத்ததுதான். வழியில் போலீஸ் பிடித்தால், சாக்கில் இருக்கும் தகரம் திருட்டுச் சாமான் இல்லை என்று நிரூபிப்பது அந்தப் பெண்ணின் பொறுப்பு.

1990 வாக்கில் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் புனே வளாகத்திலிருந்து முதியோர் கல்வித் திட்டத்தின் பேரில் இவர்களிடம் போனவர்கள் லக்ஷ்மி நாராயணும் பூர்ணிமா சிக்கர்மானேயும். எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போன இடத்தில் பேச்சு வேலையைப் பற்றித் திரும்பியது. வீட்டுக்காரர்கள் மக்கும் குப்பையையும் மக்காததையும் தனித்தனியாகப் பிரித்து நேரே இந்தப் பெண்கள் கையில் கொடுத்தால் என்ன? தொட்டிக்குள் கையை விட வேண்டாம். சரக்கு சுத்தமாக இருக்கும், கடையில் கூடுதல் விலை போகும். ஒரு குடியிருப்புப் பகுதியில் வீடு வீடாகப் பேசி இதை நடத்திக் காட்டினார்கள்.

நடந்த சில காலத்துக்குள் ஒரு தனியார் தொழில் முனைவர் அதே பகுதிக்கு மோட்டார் வண்டியோடு வந்துவிட்டார். வீட்டுக்கு வீடு குப்பை எடுப்பேன், கட்டணம் கொடுங்கள் என்றார். வீட்டுக்காரர்களுக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டி, ஒழுங்கு, ரசீது எல்லாம் இருந்தன. பெண்களுக்கோ கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அவர்கள் வண்டியை மறித்தார்கள். இமயமலை அடிவாரத்தில் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்ற சிப்கோ பெண்களைப் போல இவர்கள் குப்பையைக் காத்து நின்றார்கள் என்று பிற்பாடு எழுதினார்கள். மரத்தைக் காப்பது புரிகிறது, குப்பையை ஏன் என்று அன்றைக்குச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். வண்டி திரும்பிப் போனது. சென்னையில் ஓனிக்ஸ் வருவதற்குச் சுமார் பத்தாண்டு முன்பே புனேயில் தனியார்மயத்துக்கு எதிரான முதல் வாதம் இப்படித்தான் தெருவில் வைக்கப்பட்டது. வாதத்தை வைத்தவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். அரசு அதுவரை அவர்களை ஆளாகவே எண்ணியதில்லை.

1993 மே மாதம் 800-க்கும் மேற்பட்ட குப்பை பொறுக்குவோர் புனேயில் மாநாடு கூட்டி, காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்கும் உழைப்பாளிகளின் பஞ்சாயத்து. தலைமை ஏற்றவர் டாக்டர் பாபா ஆடாவ். மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்காக ஹமால் பஞ்சாயத்தைக் கட்டியவர், ஒரு ஊருக்கு ஒரே குடிநீர்த் துறை என்று எழுபதுகளில் கிராமம் கிராமமாக நடந்தவர். அவர் பெயர் இருந்ததால் மாநகராட்சி அலுவலகத்தில் கதவு கொஞ்சம் சீக்கிரம் திறந்தது.

சங்கத்தின் முதல் கோரிக்கை கூலி உயர்வாக இருக்க முடியாது, ஏனென்றால் கூலி கொடுப்பவர் யாரும் இல்லை. நாங்கள் செய்வது வேலை, அதை ஒப்புக்கொள்ளுங்கள் என்பதுதான் கோரிக்கை. தொண்ணூறுகளின் நடுவில் புனே மாநகராட்சி ஒப்புதலோடு அடையாள அட்டை கிடைத்தது. இந்தியாவில் எந்த மாநகராட்சியும் அதற்கு முன் குப்பை பொறுக்குவோருக்கு இப்படி அட்டை கொடுத்ததில்லை. போலீஸ்காரர் நிறுத்தினால் எடுத்துக் காட்ட ஒரு படம் போட்ட சீட்டு. இதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் ஒருநாள் கிழிந்த சாக்கோடு பஜாரில் நடந்து பார்க்க வேண்டும்.

அடுத்து நடந்தது கணக்கு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஆதரவோடு 2001-இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தப் பெண்கள் நாளொன்றுக்கு 144 டன் மறுசுழற்சிச் சரக்கை மாநகராட்சி லாரியில் ஏறாமல் காப்பாற்றுகிறார்கள். ஒவ்வொருவரும் மாதம் 246 ரூபாய் மதிப்புள்ள உழைப்பை நகரத்துக்கு இலவசமாகத் தருகிறார்கள் என்றது. அதுவரை புனேயில் பேசப்பட்டதெல்லாம் பாவம், ஏழைகள், குழந்தைகள் என்ற பரிவுப் பேச்சு. 246 என்ற எண் வந்ததும் பேச்சு மாறியது. நகரம் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று சங்கம் சொன்னது. 2002–03-இல் பதிவு பெற்ற குப்பை பொறுக்குவோருக்கு மாநகராட்சி மருத்துவக் காப்பீடு கட்டத் தொடங்கியது. அதை உதவி என்று பெயரிடாமல் உழைப்புக்கு ஈடு என்று வாதாடி வாங்கினார்கள். பரிவு காட்டி அடிக்கல் நாட்டும் நம் நகரசபைகளின் வரலாற்றில் இது அபூர்வம்.

இதற்கிடையில் டெல்லியிலிருந்து ஒரு விதி வந்து எல்லாவற்றையும் குழப்பியது. 2000-ஆம் ஆண்டின் நகரத் திடக்கழிவு விதிகள், வீடு வீடாகக் குப்பை சேகரிக்க வேண்டும் என்று எல்லா நகராட்சிகளுக்கும் கட்டளையிட்டன. நல்ல விதிதான். ஆனால் வீட்டுவாசலிலேயே குப்பை வண்டியில் ஏறிவிட்டால் தொட்டியில் என்ன மிஞ்சும்? நாடு முழுவதும் நகராட்சிகள் ஒப்பந்ததாரர்களைத் தேடின. சென்னையில் ஓனிக்ஸுக்கு டன்னுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார்கள் என்று பார்த்தோம். எடைக்குப் பணம் என்றால் குப்பை எவ்வளவு கனமோ அவ்வளவு லாபம். பிரித்து எடுப்பவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை, இருந்தால் நஷ்டம்.

புனே சங்கம் விதியை எதிர்க்கவில்லை. வீடு வீடாகத்தானே எடுக்க வேண்டும், நாங்களே எடுக்கிறோம் என்றது. 2005-இல் சோதனை முயற்சி, 2007-இல் ஸ்வச் என்ற பெயரில் கூட்டுறவுச் சங்கப் பதிவு, 2008-இல் மாநகராட்சியோடு ஐந்தாண்டு ஒப்பந்தம். முழுக்கக் குப்பை பொறுக்குவோருக்கே சொந்தமான, பெரும்பாலும் பெண்களால் ஆன கூட்டுறவு ஒன்று ஒரு பெருநகரத்தின் வீட்டுக் குப்பைக்குப் பொறுப்பேற்றது.

அந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தத் தொடரில் வரும் மற்ற நகரங்களுக்கும் புனேக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

காலையில் தள்ளுவண்டியோடு வருபவர்கள் பெரும்பாலும் ஜோடியாக வருவார்கள். ஒரு ஜோடிக்கு சில நூறு வீடுகள். மாடிப்படி ஏறி, ஒவ்வொரு வாசலிலும் இரண்டு வாளிகளை வாங்கிக் கொட்டுவார்கள். பிறகு ஓரமாக ஒரு கொட்டகையிலோ மர நிழலிலோ உட்கார்ந்து பிரிப்பு வேலை. பால் கவர் தனி, அட்டைப்பெட்டி தனி, தண்ணீர் பாட்டில் தனி. பாட்டிலின் மூடி வேறு பிளாஸ்டிக், அதைத் திருகிக் கழற்றி வேறு சாக்கில் போட வேண்டும், அதற்கு வேறு விலை. ஈரக் குப்பை மாநகராட்சியின் கண்டாகாடிக்குப் போகும். மணி அடித்துக்கொண்டு வரும் குப்பை லாரிக்கு அங்கே அந்தப் பெயர். காய்ந்த சரக்கை விற்ற காசு பிரித்தவருக்கே. மாதாமாதம் ஒவ்வொரு வீடும் ஒரு கட்டணம் தரும். தொடக்கத்தில் பத்து, இருபது ரூபாய் என்ற அளவில் இருந்து பின்னால் படிப்படியாக ஏறியது. அது மாநகராட்சிக் கஜானா வழியாகப் போகாமல் வீட்டிலிருந்து நேரே பெண்ணின் கைக்குப் போகிறது. கையுறை, வண்டி, மேற்பார்வைச் செலவு மாநகராட்சியுடையது. குடிசைப் பகுதிகளில் வீட்டுக் கட்டணம் குறைவு என்பதால் அதற்கு மாநகராட்சி ஒரு மானியம் தரும்.

சென்னையில் என் வீட்டுக் குப்பையை எடுப்பவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள், எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. புனேயின் கோத்ரூட்டிலோ ஔந்திலோ குடியிருப்பவருக்கு அது தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் தருவது அவர்தான். கட்டணத்தை வாங்க மாதம் ஒருமுறை அந்தப் பெண் மணியடிப்பார். அப்போது நாலு வார்த்தை பேச்சு நடக்கும். ஏன் நேற்று வரவில்லை என்று இவர் கேட்பார். உங்கள் வீட்டில் ஏன் டயப்பரைக் காகிதத்தில் சுற்றாமல் போடுகிறீர்கள் என்று அவர் கேட்பார். சண்டையும் வரும். சுற்றி, மேலே சிவப்புப் பொட்டு வையுங்கள், நாங்கள் பிரித்துப் பார்க்காமல் ஒதுக்கிவிடுவோம் என்று ஸ்வச் ஒரு பிரசாரமே நடத்தியது. ஒரு கட்டத்தில், 2013-இல், பயன்படுத்திய நாப்கின்களை மூட்டையாகக் கட்டித் தயாரிப்பு நிறுவனங்களுக்கே அனுப்பிவைத்தார்கள். உங்கள் சரக்கு, உங்கள் பொறுப்பு என்று. வேறு எந்தத் துப்புரவு ஒப்பந்ததாரருக்கும் இந்தத் துணிச்சல் வந்து நான் கேள்விப்பட்டதில்லை.

புனேயில் மக்கள் கருத்து என்று நான் சொல்வது இந்த வாசல் பேச்சில் விளைந்ததைத்தான்.

இதை எல்லோரும் மெச்சினார்கள் என்று எழுதினால் பொய். சொத்துவரி கட்டுகிறோம், அதற்கு மேல் குப்பைக்குத் தனிக் கட்டணம் எதற்கு என்று கேட்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கேள்வி நியாயமானது. வரியில் நடக்க வேண்டிய ஒரு கடமைக்கு வீட்டுக்கு வீடு காசு வசூலிப்பது தனியார்மயத்தின் பழைய வழி. கம்பெனி வந்து செய்திருந்தால் நாமே கொடி பிடித்திருப்போம். ஸ்வச் செய்ததால் அது வேறாகிவிடுமா? ஓரளவு ஆகும் என்பது என் எண்ணம், ஏனென்றால் லாபம் என்று எடுத்துக்கொண்டு போக அங்கே முதலாளி இல்லை. ஆனாலும் மாநகராட்சி தன் சுமையில் பாதியை வீட்டுக்காரர் தலையிலும் மீதியைப் பெண்கள் தலையிலும் இறக்கி வைத்தது உண்மை. நிரந்தர வேலை, ஓய்வூதியம், வருங்கால வைப்பு நிதி எதுவும் இந்த ஏற்பாட்டில் இல்லை.

இந்த இடத்தில் அதே நகரத்தின் இன்னொரு சங்கத்தைச் சொல்ல வேண்டும். தெருக் கூட்டும் நிரந்தரத் தொழிலாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருக்கும் புனே மகாநகர்பாலிகா காம்கார் யூனியன். அதன் தலைவர்களில் ஒருவரான முக்தா மனோகர் துப்புரவுத் தொழிலாளர்களின் நிலையை ஊர் அறிய எழுதியவர். நாடக இயக்குநர் அதுல் பேட்டே இவர்களைப் பற்றி 'கச்ராகொண்டி' என்ற ஆவணப்படம் எடுத்தார். அதோடு நிற்கவில்லை. கோ. பு. தேஷ்பாண்டே எழுதிய 'சத்யஷோதக்' என்ற ஜோதிராவ் புலே நாடகத்தை 2012-இல் மேடையேற்றியபோது, நடிகர்களாக மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களையே நிறுத்தினார். பகலில் தெருவைக் கூட்டியவர் மாலையில் மேடையேறி புலேயின் காலத்துப் புனேயைக் காட்டினார். கீழே டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தது அந்தத் தெருக்காரர்கள். புலே வெறும் சீர்திருத்தவாதி மட்டும் அல்லர்; 1876 முதல் சில ஆண்டுகள் இதே புனே நகராட்சியின் நியமன உறுப்பினர். தொழிலில் அவரே ஒப்பந்ததாரர், கடக்வாஸ்லா அணை வேலைக்குப் பொருள் வழங்கியவர். ஒப்பந்த வேலையில் கூலியாள் எந்த இடத்தில் ஏமாற்றப்படுவான் என்பதை உள்ளே இருந்து பார்த்து எழுதியவர். நாடகத்தில் அந்தத் தொழிலாளர்களின் பேச்சுக்குச் சபை கொடுத்த மரியாதை, பல பொதுக்கூட்டங்கள் சேர்ந்தாலும் கிடைத்திருக்காது.

2013 முடிவில் முதல் ஒப்பந்தம் காலாவதியானது. இரண்டு வருடம் இழுபறி. 2016-இல் மறுபடி ஐந்தாண்டு கையெழுத்தானது. அதே ஆண்டு வந்த புதிய திடக்கழிவு விதிகள், குப்பை பொறுக்குவோரை அமைப்புக்குள் சேர்க்க வேண்டும் என்று தேசம் முழுவதற்கும் சொன்னதில் புனே அனுபவத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் காற்று வேறு பக்கமும் வீசியது. ஸ்மார்ட் சிட்டி, தூய்மைத் தரவரிசை, ஜி.பி.எஸ். பொருத்திய வண்டிகள் என்று ஆணையர்களின் மேசையில் புதிய ஆசைகள் குவிந்தன. புகைப்படத்தில் தள்ளுவண்டி எடுபடாது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஐ.டி. கம்பெனிக்காரர் வீட்டுக்குள் அடைந்தார், பேராசிரியர் அடைந்தார். ஸ்வச் பெண்கள் நோய் வந்த வீட்டுக் குப்பையையும் சேர்த்துத் தினமும் எடுத்தார்கள். ஊரே மாடியில் நின்று கை தட்டிய காலம் அது. அந்த வருடம் டிசம்பர் 31-ஆம் தேதி அவர்களுடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. மாநகராட்சி மாமன்றத்தில் சிலர், இயந்திர வண்டிகளோடு தனியார் ஒப்பந்ததாரர் வரட்டும் என்றார்கள். மாதக் கணக்கில் தற்காலிக நீட்டிப்பு மட்டும் கிடைத்தது. இந்த மாதம் உண்டு, அடுத்த மாதம் தெரியாது என்று ஆயிரக்கணக்கான பெண்கள் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் பத்துப் பன்னிரண்டு வருட வாசல் பேச்சு வட்டியோடு திரும்பி வந்தது. குப்பை வாங்கும் வாசலிலேயே பெண்கள் ஆதரவுக் கடிதம் கேட்டார்கள். வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். குடியிருப்புச் சங்கங்கள் எழுதின. குடிசைப் பகுதிகளிலிருந்தும் வந்தது. அந்தக் கடிதங்களைச் சுமந்துகொண்டு 2021-இல் மாநகராட்சிக்கு ஊர்வலம் போனார்கள். கருத்துக்கணிப்பு நடத்தும் நிறுவனங்கள் "அரசு நடத்த வேண்டுமா, தனியார் நடத்த வேண்டுமா" என்று இரண்டு கட்டம் போட்டுக் கேட்கும். புனேக்காரர்களின் கடிதங்கள் அந்த இரண்டு கட்டத்திலும் அடங்காது. எங்களுக்கு இவர்தான் வேண்டும் என்று ஓர் ஆளைச் சுட்டுபவை அவை. மாமன்ற உறுப்பினர்கள் தேர்தலைச் சந்திக்க வேண்டியவர்கள். ஓட்டுப் போடுகிறவர் பெயரும் முகவரியும் போட்டு எழுதியதைக் குப்பையில் போட அவர்களுக்குத் துணிவில்லை. ஸ்வச் தொடர்ந்து வேலையில் இருந்தது. பாதுகாப்பான நீண்ட கால உறுதி மட்டும் அப்போது கைக்கு வரவில்லை. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலமே முடிந்து, தேர்தல் நடக்காமல் நிர்வாக அதிகாரியின் கையில் நகரம் போனபோது, கடிதம் கொடுக்கக்கூட ஆள் இல்லாமல் போனது. மக்கள் கருத்துக்குப் பயப்படுபவர் நாற்காலியில் இருந்தால்தான் அந்தக் கருத்துக்கு விலை.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதே புனேயில் இன்னொரு சம்பவம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 6 அன்று மகாராஷ்டிர அரசு ஓர் அரசாணை போட்டது. அரசு, அரசு சார்ந்த அலுவலகங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் வேண்டிய ஒப்பந்த ஊழியர்களை ஒன்பது தனியார் முகமைகள் மூலம் எடுக்கலாம் என்றது. புனேயின் சதாசிவ் பேட், நாராயண் பேட் சந்துகளில் அப்யாசிகா என்ற படிப்பு மண்டபங்கள் வரிசையாக இருக்கும். மாத வாடகைக்கு ஒரு மேசை, ஒரு விளக்கு. மாநிலம் முழுவதிலிருந்தும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்து அரசுத் தேர்வுக்கு வருடக் கணக்கில் அங்கே படிக்கிறார்கள். அந்த அரசாணை அவர்கள் உட்கார்ந்த மேசையையே உருவியது. அதே மாதம், அரசுப் பள்ளிகளை நன்கொடை தரும் நிறுவனங்கள் தத்தெடுத்துத் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று இன்னொரு ஆணை வேறு. போராட்டம் வெடித்தது, எதிர்க்கட்சிகள் சேர்ந்தன. அக்டோபர் 20 அன்று அப்போதைய துணை முதல்வர் தேவேந்திர பட்னவிஸ் முகமை அரசாணையை ரத்து செய்வதாக அறிவித்தார். பழியை முந்தைய அரசுகளின் மேல் போட்டுவிட்டுத்தான் ரத்து செய்தார் என்பது வேறு கதை. மொத்தம் 44 நாள்.

தேர்வு எழுதும் இளைஞர்களுக்கு 44 நாளில் கிடைத்த பதில், பொறுக்கும் பெண்களுக்கு முப்பது வருடத்தில் பாதிதான் கிடைத்திருக்கிறது. இளைஞர்களின் பின்னால் லட்சக்கணக்கான குடும்பங்களின் ஓட்டும் கனவும் இருந்தன. அரசு வேலை போகிறது என்றால் எந்த வீட்டிலும் வலிக்கும். குப்பை வேலை போகிறது என்றால் யாருக்கு வலிக்கும்? அந்த வலியை ஒவ்வொரு வாசலிலும் உண்டாக்கியதுதான் ஸ்வச்சின் சாதனை. ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அந்த வாசல்கள் கிடைக்கவில்லை. ராயபுரத்திலும் திரு.வி.க. நகரிலும் அவர்கள் கூட்டிய தெருக்களில் அனுதாபம் இருந்தது, எழுதிக் கொடுக்கும் பழக்கம் இல்லை. அவர்கள் கேட்டதும் வேறு. மாநகராட்சியின் கீழ் இருந்த எங்களை மாநகராட்சியிலேயே வைத்திருங்கள் என்றார்கள். புனே பெண்கள் மாநகராட்சி ஊழியராக்கு என்று கேட்கவில்லை. எங்கள் வேலையை எடுத்து இன்னொருவரிடம் கொடுக்காதே என்றார்கள். இரண்டு சங்கங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் தனியார்மயம் என்ன என்பதிலேயே ஒத்துப்போவார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

புனே வாசல்களைப் பற்றி இவ்வளவு எழுதியாகிவிட்டது. கண்டாகாடி ஏறிப் போன குப்பை எங்கே இறங்கியது என்று சொல்லவில்லை. அது பல்லாண்டு காலம் இறங்கியது உருளி தேவாச்சி, புர்சுங்கி என்ற இரண்டு கிராமங்களில். தனியார் வேண்டுமா அரசு வேண்டுமா என்று அந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை; நாற்றம் இரண்டுக்கும் பொது. அவர்களும் ஒருநாள் வண்டியை மறித்தார்கள். அடுத்த இதழில் அங்கே போவோம்.